மறுவிற்பனை இல்லாத புத்தகம்: அமெரிக்கக் கல்லூரி மாணவரும் மின்பாடநூலும்

அமெரிக்கக் கல்லூரிகளில் பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர். அதற்குப் பணம் கட்டுபவர் மாணவர். பேராசிரியருக்குப் பெரும்பாலும் மாதிரிப் பிரதி இலவசமாக வந்துவிடுவதால், விலை அவர் கண்ணில் படுவதே அரிது. மாணவருக்கு விலை நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் பார்த்து வேறு நூலுக்கு மாற முடியாது. விலை ஏறினாலும் விற்பனை குறையாத இத்தகைய சந்தையில், நெடுங்காலம் மாணவர் பக்கம் நின்றது பழைய புத்தகம் ஒன்றுதான். புதிய பிரதியின் விலை கட்டுப்படியாகாவிட்டால் பழையதை வாங்கலாம், நண்பரோடு பகிரலாம், பருவம் முடிந்ததும் விற்கலாம்.

மின்பாடநூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காகிதமா திரையா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தகவல் சார்ந்த நூல்களைப் படிக்கும்போதும் நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போதும் காகிதத்தில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்று காட்டியது. என் அக்கறை வேறிடத்தில் இருக்கிறது. மின்பாடநூல் மாணவரின் செலவைக் குறைத்தது. விலையை எதிர்த்து நிற்க அவருக்கு இருந்த வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்தது. இவை இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு பகுதிகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய புத்தகத்தின் சட்டமும் சந்தையும்

1873-இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகரில் சார்லஸ் பார்ன்ஸ் என்பவர் தம் வீட்டிலிருந்தே புத்தக வியாபாரம் தொடங்கினார். பழைய பாடநூல் அதில் முக்கியச் சரக்கு. அந்த வணிகம் பின்னாளில் ஃபாலட் குடும்பத்தின் கைக்கு வந்து, கல்லூரி வளாகக் கடைகளை நடத்தும் பெருநிறுவனமாக வளர்ந்தது. அவருடைய மகன் வில்லியம் பார்ன்ஸ் 1917-இல் நியூயார்க் சென்று நோபிள் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டுதான் பார்ன்ஸ் அண்ட் நோபிள். வளாகப் புத்தகக் கடை உலகின் இரு பெரும் பெயர்களுக்கும் மூலம் ஒரே வீட்டுப் பழைய புத்தக வியாபாரம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரு பெயர்களும் பின்னர் ஒரு வழக்கில் நம் முன் வரும்.

இந்த வணிகத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது 1908-இல் வந்த ஒரு தீர்ப்பு. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலில், ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறலாகும் என்று அறிவிப்பு அச்சிட்டிருந்தது. மேசிஸ் அங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிரதியை ஒருமுறை விற்ற பிறகு அதன் மேல்விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதுவே முதல் விற்பனைக் கோட்பாடு. 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் பின்னர் 1976-ஆம் ஆண்டின் சட்டத்திலும் அது இடம்பெற்றது. புத்தகத்துக்குள் அச்சிட்ட நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்ற இந்த நிலை நூறாண்டு நீடித்தது.

மாணவர் கணக்கில் இதன் பொருள் என்ன? வளாகக் கடைகளின் வழக்கப்படி பழைய பிரதி புதியதன் விலையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு விற்கப்படும். அடுத்த பருவத்திலும் அதே நூல் பாடமாக இருந்தால், கடை அதைப் புதிய விலையில் பாதி வரை கொடுத்துத் திரும்ப வாங்கும். ஆக, 100 டாலர் புத்தகத்தைப் பழையதாக 75 டாலருக்கு வாங்கி 50 டாலருக்கு விற்ற மாணவருக்கு ஒரு பருவத்தின் உண்மைச் செலவு 25 டாலர். இந்த 25 டாலரை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மின்பாடநூலின் விலையைச் சரியாக எடைபோட முடியும்.

பதிப்பாளர்களுக்கு இந்தச் சந்தையில் வருமானம் இல்லை. முதல் விற்பனையோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும். எனவே புதிய பதிப்புகளை விரைவாக வெளியிட்டுப் பழையவற்றைச் செல்லாக்காசாக்குவது அவர்களின் வழியாயிற்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2005-இல் தந்த அறிக்கை, முன்பு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்த புதிய பதிப்பு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரத் தொடங்கியதைப் பதிவு செய்தது. 1986 டிசம்பர் முதல் 2004 டிசம்பர் வரை பாடநூல் விலை 186 விழுக்காடு ஏறியது. அதே காலத்தில் பொது விலைவாசி ஏற்றம் 72 விழுக்காடு. குறுந்தகடு, பயிற்சிப் புத்தகம், இணையத் துணைப்பொருள் ஆகியவற்றை நூலோடு சேர்த்துக் கட்டி விற்றது ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று அறிக்கை சொன்னது. அந்தக் கட்டில் பின்னால் வரப்போகும் மின்பாடநூலின் விதை இருந்தது.

2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் சொல்ல முயன்றது. பதிப்பாளர்கள் பேராசிரியரிடம் விலையைச் சொல்ல வேண்டும், சேர்த்துக் கட்டியவற்றைத் தனித்தனியாகவும் விற்க வேண்டும், கல்லூரிகள் பாட அட்டவணையிலேயே நூலின் எண்ணையும் விலையையும் காட்ட வேண்டும் என்று அது வகுத்தது. 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்த விதிகள் அச்சுப் புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விலையைத் தெரிந்துகொண்ட மாணவர் வேறு கடைக்குப் போவார் என்பது அவற்றின் அடிப்படை நம்பிக்கை.

பாதி விலைப் புத்தகம்

2007 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. பெரும் பாடநூல் பதிப்பகங்கள் சேர்ந்து கோர்ஸ்மார்ட் என்ற மின்பாடநூல் நிறுவனத்தைத் தொடங்கின. நவம்பரில் அமேசான் கிண்டில் கருவியை வெளியிட்டது. கோர்ஸ்மார்ட் நூல்கள் அச்சு விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைத்தன. பல நூல்களுக்கு அணுகல் காலம் 180 நாள். அதன்பின் படிக்க முடியாது, விற்கவும் முடியாது. பாதி விலை என்பது விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் 50 டாலர் மின்னூல், பழைய புத்தகத்தின் 25 டாலர் செலவைப் போல் இருமடங்கு. மாணவர்கள் பல ஆண்டுகள் மின்னூலை அவ்வளவாக நாடாததற்குத் தொழில்நுட்பத் தயக்கத்தைக் காரணம் சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். மாணவர்கள் போட்டிருந்தார்கள்.

2009-இல் நடந்த இரண்டு நிகழ்வுகள் புதிய வடிவத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டின. அவ்வாண்டு ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் பதிவேற்றியது என்ற காரணத்தால் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் மிச்சிகனைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் பாடவேலைக்காக அந்தப் பிரதியில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று தெரியாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் 1,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு, நீதிமன்ற ஆணை போன்ற சில சூழல்கள் தவிர இனி அவ்வாறு நீக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குக் கொடுத்த பணமும் மாணவர் அதில் செலுத்திய உழைப்பும் வேறு வேறு என்பதை அந்த வழக்கு பதிவில் வைத்தது.

மற்றொரு நிகழ்வு கிண்டில் டிஎக்ஸ் கருவியைப் பிரின்ஸ்டன், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய கல்வி நிறுவனங்களில் சோதித்துப் பார்த்தது. நூலைக் கருவி வாய்விட்டுப் படிக்கும். ஆனால் பட்டியலைத் திறந்து நூலைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு ஒலி இல்லை. பார்வையற்ற மாணவர் கருவியைத் தாமே இயக்க முடியாது. பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுக்க, 2010 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. மின்பாடநூலால் உண்மையிலேயே பெரும் பயன் பெறக்கூடியவர்கள் பார்வையற்ற மாணவர்கள். அச்சு நூலைப் பிரெயிலுக்கோ ஒலிக்கோ மாற்றப் பல வாரம் காத்திருந்தவர்களுக்கு, மற்றவர்களோடு அதே நாளில் அதே நூல் கிடைப்பது சிறிய செய்தி அன்று. ஆனால் அந்தப் பயனைக்கூட நீதிமன்றப் படியேறித்தான் பெற வேண்டியிருந்தது.

பதினோரு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள்

நம் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று அட்டையில் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் பழக்கமானவை. உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். தாள் மட்டம், விலை பன்மடங்கு குறைவு. இதே போன்ற ஆசியப் பதிப்புகள்தாம் அமெரிக்காவின் மிக முக்கியமான பாடநூல் வழக்குக்குக் காரணமாயின. 1997-இல் தாய்லாந்திலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த சுபாப் கிர்ட்சாங், ஊரில் உள்ள குடும்பத்தாரையும் நண்பர்களையும் கொண்டு மலிவுப் பதிப்புகளை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. எட்டு நூல்களுக்குத் தலா 75,000 டாலர் வீதம் 6,00,000 டாலர் இழப்பீடு என்று ஜூரி முடிவு செய்தது. 2013 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. பதிப்புரிமையாளரின் அனுமதியோடு எந்த நாட்டில் அச்சிட்டதானாலும், முறையாக வாங்கிய பிரதியை விற்பது வாங்கியவரின் உரிமை என்பது நீதிபதி பிரேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு.

அதே மாதம் 30-ஆம் நாள் நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்கு புத்தகத்தைப் பற்றியது அன்று. வாங்கிய மின்னிசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி என்ற நிறுவனத்தைப் பற்றியது. கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது புதிய பிரதி உருவாகிறது. முதல் விற்பனைக் கோட்பாடு பிரதியெடுப்பதை அனுமதிக்காது. எனவே மறுவிற்பனை செல்லாது என்றது நீதிமன்றம். 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பழைய மின்னூல்களை விற்ற டாம் கபினெட் என்ற டச்சு நிறுவனத்தின் வழக்கில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது.

மாணவர் நுகர்வோராகப் பெற்ற மிகப் பெரிய சட்ட வெற்றியும் அதன் பயனைக் கரைத்துவிடும் தீர்ப்பும் பதினோரு நாள் இடைவெளியில் வந்தன. இரண்டிலும் நீதிபதிகள் எழுதிய சட்டத்தில் பெரிய குறை காண்பதற்கில்லை. காகிதத்துக்கு எழுதிய சட்டத்தை மின்கோப்புக்கு நீட்டும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உரியது. அது அதைச் செய்யவில்லை. பதிப்பாளர்களுக்குச் செல்ல வேண்டிய திசை தெளிவாயிற்று. காகிதம் கையை விட்டுப் போகும், கோப்பு போகாது.

பணத் தேவையும் அவர்களை அதே திசையில் தள்ளியது. தாம்சன் லேர்னிங் என்ற நிறுவனத்தை 2007-இல் முதலீட்டு நிறுவனங்கள் 775 கோடி டாலருக்கு வாங்கிச் செங்கேஜ் என்று பெயரிட்டன. அந்தக் கடன் சுமை தாங்காமல் 2013 ஜூலையில் செங்கேஜ் திவால் பாதுகாப்புக் கோரியது. மெக்ரா-ஹில்லின் கல்விப் பிரிவும் அதே ஆண்டு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய புத்தகமும் அப்போது வளர்ந்து வந்த வாடகைப் புத்தகமும் தின்னும் வருமானத்தை மீட்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று.

வீட்டுப்பாடம் செய்வதற்குக் கட்டணம்

உண்மையான திருப்பம் அணுகல் குறியீடுதான். மைலேப், கனெக்ட் போன்ற இணையதளங்களில் பாடநூலோடு கணக்குப் பயிற்சி, சிறு தேர்வு, தானியங்கி மதிப்பீடு எல்லாம் உண்டு. அவற்றுக்குள் நுழைய ஒரு குறியீடு வேண்டும். குறியீடு ஒருமுறைதான் செல்லும். பருவம் முடிந்ததும் காலாவதியாகும். ஒரே வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்களின் விடைத்தாளைத் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு இது பெரிய உதவி. அந்த உதவிக்கான செலவு கல்லூரியின் கணக்கில் விழாமல் மாணவரின் கணக்கில் விழுந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பாடநூலை வாங்காமலே சமாளிப்பது ஏழை மாணவரின் கடைசி வழியாக இருந்தது. நூலகப் பிரதியைப் பார்க்கலாம், முந்தைய பதிப்பை வைத்து ஒப்பேற்றலாம், தோழியின் புத்தகத்தை இரவல் வாங்கலாம். வீட்டுப்பாடமே குறியீட்டுக்குப் பின்னால் போனபோது இவை எதுவும் உதவாமல் போயின. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் உண்டு; குறியீடு இல்லாதவருக்கு அந்த மதிப்பெண் இல்லை. நூலகமும் கைகொடுக்காது, ஏனென்றால் பெரும் பதிப்பாளர்கள் பெரும்பாலான மின்பாடநூல்களை நூலகங்களுக்கு விற்பதில்லை.

அடுத்த படி ‘இன்க்ளூசிவ் ஆக்ஸஸ்’ எனப்படும் ஏற்பாடு. மின்பாடநூலின் கட்டணம் நேராகக் கல்விக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். முதல் நாளே நூல் திரையில் இருக்கும். 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் கல்வித் துறையின் விதி இதற்குக் கதவு திறந்தது. சந்தை விலைக்குக் குறைவாகத் தர வேண்டும், பருவம் தொடங்கிய ஏழாம் நாளுக்குள் நூல் கைக்கு வர வேண்டும், வேண்டாதவர் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். உதவித்தொகை தாமதமாக வந்து முதல் சில வாரம் நூலில்லாமல் திண்டாடிய மாணவருக்கு இது பயன் தந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் விலகும் உரிமை பெரும்பாலும் பருவத் தொடக்கத்தின் சில வாரங்களோடு முடிகிறது. விலகினால் வீட்டுப்பாடத் தளமும் மூடிக்கொள்ளும் பாடங்களில் அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2020-இல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பாடம் எடுத்தாலும் எல்லாப் பாடநூலுக்கும் சேர்த்துக் காலாண்டுக்கு ஒரே கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அறிவியல் மாணவருக்கு அது லாபம். இரண்டு நாவலும் ஒரு கவிதைத் தொகுப்பும் படிக்கும் இலக்கிய மாணவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து 2020-இல் மாணவர்களும் தனிப் புத்தகக் கடைகளும் வழக்குத் தொடுத்தார்கள். பிரதிவாதிகள் பியர்சன், செங்கேஜ், மெக்ரா-ஹில் ஆகிய மூன்று பதிப்பகங்களோடு பார்ன்ஸ் அண்ட் நோபிளிலிருந்து பிரிந்த கல்லூரிக் கடை நிறுவனமும் ஃபாலட்டும். பழைய புத்தகத்தில் பிறந்த இரண்டு வணிகங்களும் பழைய புத்தகத்தை ஒழிக்கும் சதியில் பங்கு கொண்டவை என்பது குற்றச்சாட்டு. 2021-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சதி நடந்தது என்று நான் சொல்லவில்லை. சதி தேவைப்படாத அளவுக்கு அனைவரின் நலனும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது என்பதே என் கணிப்பு.

குறைந்த செலவை எப்படிப் படிப்பது

கல்லூரிக் கடைகளின் தேசியச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, ஒரு மாணவர் பாடப்பொருள்களுக்கு ஆண்டில் செலவிட்ட தொகை 2007-08-இல் சராசரியாக 701 டாலர். 2018-19-இல் 415 டாலர். விலைக் குறியீடு ஏறிக்கொண்டே போன பெரும்பகுதி ஆண்டுகளில் செலவு இறங்கியது என்பது முதலில் முரணாகத் தோன்றும். மாணவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள், பழையதை இணையத்தில் தேடினார்கள், சிலர் வாங்காமலே இருந்தார்கள். அவர்கள் விலகி நின்ற அழுத்தம்தான் பதிப்பாளர்களை விலை குறைக்க வைத்தது. செங்கேஜ் தன் நூல்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பருவத்துக்கு 119.99 டாலர் சந்தா என்று 2017 டிசம்பரில் அறிவித்து 2018 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தியது. 2019 ஜூலையில் பியர்சன் தன் 1,500 அமெரிக்கப் பாடநூல்களை இனி மின்வடிவத்திலேயே முதலில் புதுப்பிக்கும் என்றது. மின்னூலின் சராசரி விலை 40 டாலர். 2021-இல் இந்த நூல்கள் அனைத்துக்கும் சேர்த்து மாதம் 14.99 டாலர் சந்தாவும் வந்தது. அச்சுப் பதிப்பு புதுப்பிக்கப்படாதபோது பழைய பிரதிகளின் வரத்து சில ஆண்டுகளில் தானே வற்றிவிடும்.

ஆக, மின்பாடநூலின் இன்றைய விலையை நிர்ணயித்தது பழைய புத்தகத்தின் போட்டி. அந்தப் போட்டி மறைந்த பிறகு விலையைக் கட்டுக்குள் வைக்கப்போவது எது? 2022 ஆகஸ்டில் பியர்சனின் தலைவர் ஆண்டி பேர்ட் சொன்னது இங்கே கவனத்துக்கு உரியது. அச்சுக் காலத்தில் ஒரு பாடநூல் ஏழு முறை வரை கைமாறியது, பியர்சனுக்கு முதல் விற்பனையில் மட்டுமே வருமானம். பிளாக்செயின் போன்ற தொழில்நுட்பம் வந்தால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்கு பெறலாம் என்று அவர் விளக்கினார். 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தோற்ற பாப்ஸ்-மெரில் தன் ஒரு டாலர் அறிவிப்பை அச்சிட்டுக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

விலையாகக் கொடுப்பது பணம் மட்டுமன்று. கோர்ஸ்மார்ட் 2013 வாக்கில், மாணவர் நூலை எத்தனை முறை திறந்தார், எங்கே கோடிட்டார், எவ்வளவு குறிப்பெடுத்தார் என்பவற்றைத் தொகுத்து ஈடுபாட்டு மதிப்பெண்ணாகப் பேராசிரியருக்கு அனுப்பும் முறையை டெக்சஸ் ஏ அண்ட் எம் முதலிய சில இடங்களில் சோதித்தது. தாளில் தனியாகக் குறிப்பெடுத்த மாணவர் அந்தக் கணக்கில் படிக்காதவராகவே தெரிவார்.

மாற்று வழி ஒன்று ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பாரனியூக் 1999-இல் தொடங்கிய கனெக்ஷன்ஸ் முயற்சியிலிருந்து 2012-இல் ஓபன்ஸ்டாக்ஸ் பிறந்தது. அறக்கட்டளைகளின் நிதியில் வல்லுநர்கள் எழுதிச் சரிபார்த்த பாடநூல்களை அது இலவசமாகத் தருகிறது. கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம், அச்சிடலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். மின்வடிவம் என்பதாலேயே புத்தகத்தை மாணவரிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. தொடக்கநிலைப் பாடங்களில் அது வலுவாக இருக்கிறது. உயர்நிலைப் பாடங்களுக்கு நூல்கள் குறைவு.

சட்டம் மெல்ல அசைகிறது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில், மின்பொருளை விற்கும் நிறுவனம் தான் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் கல்விக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் நூலுக்கு மாணவர் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. அந்த எச்சரிக்கை அவர் கண்ணில் பட வாய்ப்பில்லை. அவரைக் காக்க வேண்டுமானால் 2016-ஆம் ஆண்டு விதியில்தான் கைவைக்க வேண்டும். விரும்பிச் சேர்ந்தவரிடம் மட்டும் கட்டணம் பெறலாம் என்ற யோசனையைக் கல்வித் துறை 2024-இல் முன்வைத்தபோது பதிப்பாளர்களும் கல்லூரிக் கடைகளும் எதிர்த்தார்கள். அந்த யோசனை மீண்டும் வர வேண்டும். பருவம் முடிந்த பிறகும் நூலைத் திறந்து படிக்கும் உரிமையும், நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுப்பாடத்தைக் கட்டணமின்றிச் செய்யும் வழியும் அதே விதியில் ஏற்கெனவே உள்ள மூன்று நிபந்தனைகளோடு நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் இடம்பெற வேண்டும்.